பாதாளச் சாக்கடை அடைப்பு: வீடுகளில் நடக்கும் தவறுகள்

அடைப்பு எடுக்கும்போது மேன்ஹோலிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். நாப்கின், டயபர், துணி, முடிக்கற்றை, கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாம் வீடுகளிலிருந்து போனவை.

இதில் பலர் தவறென்றே நினைக்காதது எண்ணெய். வடை சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் கொட்டி, மேலே வெந்நீர் ஊற்றினால் போய்விடும் என்று நம்புகிறார்கள். போகும், ஆனால் கொஞ்ச தூரம்தான். சூடு ஆறியதும் குழாயின் உட்பக்கம் படிந்துவிடும். நெய், வனஸ்பதி என்றால் இன்னும் சீக்கிரம் உறையும். அந்தப் பிசுக்கில் சோற்றுப் பருக்கையும் காபித் தூளும் ஒட்ட ஒட்ட, தண்ணீர் போகும் வழி குறுகிக்கொண்டே வரும். 2017இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் இப்படிக் கொழுப்பும் வைப்ஸும் (துடைத்துப் போடும் ஈரத்தாள்) சேர்ந்து இறுகிய கட்டி சுமார் 130 டன் எடை, 250 மீட்டர் நீளம். அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது.

கடாயையும் தட்டையும் கழுவுவதற்கு முன் பழைய பேப்பரால் ஒருமுறை வழித்துத் துடைத்துவிடுங்கள். மீந்த எண்ணெய் ஆறியதும் பாட்டிலில் ஊற்றி இறுக மூடிக் குப்பையில் சேருங்கள். சிங்க்கில் ஒரு வடிகட்டி, குளியலறையில் முடியைப் பிடிக்கும் ஜாலி. இவ்வளவு செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்தது நாப்கின். உள்ளே இருக்கும் ஜெல் தண்ணீரைக் குடித்து ஊதிக் குழாயை அடைத்துவிடும். கூச்சத்தில்தான் பலர் டாய்லெட்டில் போடுகிறார்கள். மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டியை உள்ளேயே வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் இருக்காது, விருந்தாளிகளுக்கும் சேர்த்துத்தான். நாப்கினைச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது. வைப்ஸும் அப்படியே, பாக்கெட்டில் ‘டாய்லெட்டில் போடலாம்’ என்று எழுதியிருந்தாலும் சரி.

மழைக்காலத்தில் இன்னொரு தவறு. சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. தெருவில் தண்ணீர் தேங்குகிறதென்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிட்டால், மண்ணும் பிளாஸ்டிக்கும் உள்ளே போய், கழிவுநீர் தாழ்வான வீடுகளுக்குள் திரும்பி வரும்.

அடைப்பு வந்துவிட்டால் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். தெரிந்த ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்கவே கூடாது. அங்கே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு ஏற்பாடின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கினால், மனிதர்கள் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னையில் இருப்பவர்கள் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லி, இயந்திரத்தால் அடைப்பை எடுக்கச் சொல்லலாம்.