முகம் வீங்குகிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

குன்னூரில் பல வருடம் வார்டு நர்ஸாக இருந்தேன். இப்போது கோத்தகிரி பக்க எஸ்டேட்டுகளில், வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். மூளைக் கட்டி உள்ளவர்கள் விஷயத்தில் நான் அன்று செய்த தப்பையே கூட வரும் புதுப் பெண்களும் செய்யும்போது மனசு பதறுகிறது. நேரத்துக்குச் சோறு, சுத்தம் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்; விட்டுவிடுகிறேன்.

கொண்டை ஊசி வளைவின் மேல் பழி போடுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் வாந்தி வருவது இங்கே சகஜம். ஆனால் பஸ்ஸே ஏறாதவருக்கு விடியற்காலையில் தலைவலியோடு வாந்தி வந்துகொண்டே இருந்தால்? பெரியவர் ஒருவருக்கு முதல் தடவையாக வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், சுபாவமே மாறினால்? பனி, சைனஸ் என்று தைலம் தேய்த்துக்கொண்டு மாதங்களைக் கடத்தாதீர்கள். மூளைக் கட்டியாக இருக்கலாம்; ஸ்கேன் எடுங்கள்.

டெக்ஸாவைத் திடீரென்று நிறுத்துவது

மூளைக் கட்டியைச் சுற்றி நீர் கோத்து வீங்கும். தலைவலி, வாந்தி, கை கால் தளர்வு எல்லாம் பல நேரம் அந்த வீக்கத்தால் வருவது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அதை வற்ற வைக்கும். படுத்துக் கிடந்தவர் ஒன்றிரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார். அதே மாத்திரைதான் சில வாரத்தில் முகத்தை உப்ப வைக்கும், சர்க்கரையை ஏற்றும், தொடையில் பலத்தைக் குறைத்துப் படி ஏற விடாமல் செய்யும்.

கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடித்து வந்திருந்தார். மகள் போன் பண்ணி, "சிஸ்டர், அம்மா முகம் பன்னு மாதிரி வீங்கிப்போச்சு, சுகரும் 300 காட்டுது" என்றாள். "ரெண்டு நாள் நிறுத்திப் பாரு பாப்பா" என்றேன். டாக்டரைக் கேட்கவில்லை. நாலாம் நாள் ஜீப்பில் தூக்கி வந்தார்கள். வாந்தி, பிரஷர் இறங்கிக் கிடந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஊசி போட்டு மீட்டோம். அந்த மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையும் திடீரென்று நின்றால் உடம்புக்கு எங்கிருந்தும் கிடைக்காது. தலைக்குள் வீக்கமும் திரும்பும். சர்க்கரை ஏறினால் சர்க்கரைக்குத்தான் மருந்து. டெக்ஸாவைக் குறைப்பது டாக்டர், அதுவும் படிப்படியாக.

போன மாதம் புதுப் பெண் ஒருத்தி, "ரெண்டு நாள் நிறுத்திப் பாருங்கக்கா" என்று என் காதுபடச் சொன்னாள். எனக்கு வந்த கோபம் அடங்க நேரமாயிற்று.

சீட்டில் குறைக்கும் கணக்கு நாலு வரி இருக்கும்; வீட்டில் முதல் வரியைத்தான் படிப்பார்கள். அதனால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை இறக்கி, ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு எத்தனை மாத்திரை என்று டாக்டர் எழுதியபடி பேனாவால் எழுதிவிடுவேன். காலையில் தாளைக் கிழிக்கும்போதே ஞாபகம் வந்துவிடும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ராத்திரியில் போட்டால் தூக்கம் போய்விடும். நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாத்திரை தீர்ந்துபோவதும் நிறுத்துவதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும். 2009 நவம்பரைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி

வேண்டாம். வாயில் ஸ்பூனும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

"கேன்சர் இல்லையாம், அப்புறம் என்ன?"

மண்டையோடு விரியாது. சாதுவான கட்டியும் வளர்ந்தால் மூளையைத்தான் அமுக்கும். சொன்ன தேதியில் மறு ஸ்கேனுக்குப் போங்கள்.

ஃபிலிமை அடுப்புப் பரணில் வைப்பது

ஈரத்துக்குப் பயந்து எம்ஆர்ஐ ஃபிலிமை அடுப்புக்கு மேலே செருகிவிடுகிறார்கள். சூட்டில் அது கறுத்துப்போகும். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் பழைய படத்தோடு வைத்துத்தான் பார்ப்பார். பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். சிடியும் கூடவே இருக்கட்டும். கோயம்புத்தூர் போகும் அன்று மாத்திரைச் சீட்டோடு அதையும் பையில் முதலில் எடுத்து வையுங்கள்.