லெப்பர்ட் கெக்கோ தொட்டியும் ஹீட் மேட்டும்: செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் மட்டும் புதிதாக லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வாங்கிய மூன்று பேர் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பி, எல்லாம் சரியா என்று கேட்டார்கள். மூன்றிலும் நான் ஆறு வருடம் முன்பு செய்த அதே தப்பு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை (தொட்டியைச் சூடாக்கும் மின் விரிப்பை) பிளக்கில் செருகக் கூடாது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

சென்சாரை எங்கே வைத்தீர்கள்?

தொட்டி எவ்வளவு சூடு என்று தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. வயர் நுனியில் இருக்கும் சென்சார் எவ்வளவு சூடு என்பது மட்டும்தான் தெரியும். அதைக் காற்றில் தொங்கவிட்டால், தரை 40 டிகிரியைத் தாண்டிய பிறகும் இன்னும் குளிர்கிறது என்றே நினைத்து மேட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்.

நான் சென்சாரை உள்பக்கக் கண்ணாடியில் ரப்பர் கப் வைத்து ஒட்டியிருந்தேன். டொராண்டோவில் ஒரு ஜனவரி இரவு அது கழன்று, சென்சார் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. செட் செய்திருந்தது 32, தண்ணீரோ 20. இரவு முழுக்க மேட் அணையவே இல்லை. காலையில் டெம்பரேச்சர் கன்னைத் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவியை) தரையில் காட்டினால் 46, அதன் மேலேயே கெக்கோ படுத்துக் கிடக்கிறது. சுட்டால் எழுந்து போய்விடும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள், அடியிலிருந்து மெல்ல ஏறும் சூட்டில் அப்படியே கிடக்கும். வயிறு சிவந்து கொப்பளித்து, டாக்டர், மருந்து, தினமும் இரண்டு வேளை தரையில் விரித்த டிஷ்யூ மாற்றுவது என்று இரண்டு மாதம் ஆனது. இன்றைக்கும் காற்றில் தொங்கும் சென்சாரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மேட் தொட்டிக்கு வெளியே, அடியில் இருக்கட்டும். சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து டேப் போடுங்கள். அப்புறம் உள்ளே தரையில் கன் 31 முதல் 33 வரை காட்டும்படி தெர்மோஸ்டாட் எண்ணை மாற்றுங்கள். அது 35 என்று நின்றாலும் பரவாயில்லை, கன் சொல்வதுதான் கணக்கு. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மேட் அணையாமல் போவதும் உண்டு என்பதால், தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சூடான பக்கத்துத் தரையில் வையுங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்ப மீட்டர்

வாங்காதீர்கள்.

தரை முழுக்க மேட்

மூன்றில் ஒரு பங்கு போதும். மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருந்தால்தான் கெக்கோ விலகிப் போக இடம் இருக்கும்.

இரவில் சிவப்பு பல்பு

வேண்டாம். அறை 20 டிகிரி இருந்தால் இரவுக்கு விளக்கே தேவையில்லை.

மேஜையோடு ஒட்டிய தொட்டி

அடியில் சூடு அடைத்துக்கொண்டு கண்ணாடி விரிசல் விடலாம். நாலு மூலையிலும் ரப்பர் கட்டை வைத்துத் தூக்கி வையுங்கள்.