கலப்புக் கற்றல் பாடம் எடுக்கும் பேராசிரியருக்குத் துணைநிற்க

பாதி வகுப்பிலும் பாதி ஆன்லைனிலுமாகக் கலப்பு முறையில் பாடம் எடுப்பவர் தடுமாறினால் உடனே மூடில் (Moodle) என்ற ஆன்லைன் வகுப்பு மென்பொருள் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கே இல்லை. வகுப்பில் நடத்துவதில் எதையும் குறைக்காமல், அதன் மேலேயே வீடியோ, க்விஸ், அசைன்மென்ட் என்று ஏற்றிவிடுவதால் ஒரு பாடம் ஒன்றரைப் பாடமாகிவிடுகிறது. ஆகவே முதல் வேலை, வகுப்பிலிருந்து எதை எடுப்பது என்று முடிவு செய்வதுதான்.

செமஸ்டர் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரே ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட வரைவுக் குறிப்பு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்றது. வாரம் நான்கு மணி நேரப் பாடத்தில், முதல்முறை செய்பவருக்கு ஒரு மணி நேரமே போதும்.

பொருளியலில் தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைப் பாருங்கள். வரையறையும் சூத்திரமும் வீடியோவுக்குப் போகலாம். கணக்கு வகுப்பிலேயே இருக்கட்டும். தக்காளி கிலோ 40 ரூபாயிலிருந்து 60 ஆகிறது, விற்பனை 100 கிலோவிலிருந்து 90 ஆகிறது என்று வையுங்கள். விலை ஏறும் திசையில் கணக்கிட்டால் நெகிழ்ச்சி 0.2, இறங்கும் திசையில் 0.33. ஒரே சந்தை, இரண்டு விடை! மாணவர் குழம்பும் இந்த இடத்தில் ஆசிரியர் எதிரில் இருந்தே ஆக வேண்டும்.

வீடியோ ஆறு முதல் எட்டு நிமிடம். படத்தைவிடக் குரல் முக்கியம்: காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சென்னை வெயிலில் அது கொடுமை என்பதால் காலை ஏழு மணிக்கே அறையை ஏற்பாடு செய்து கொடுங்கள். போனில் 1080பி-யில் எடுத்த எட்டு நிமிடம் ஒரு ஜிபியைத் தொடும். ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் 480பி-க்கு, நொடிக்கு 500 கிலோபிட் அளவில் சுருக்கினால் ஏறக்குறைய 30 எம்பி. மின்சார ரயிலில் வரும் பிள்ளை போன் டேட்டாவில் பார்ப்பதற்கு இதுதான் தோது. ஸ்லைடில் எழுத்து பொடியாக இருந்தால் இந்த அளவில் படிக்க வராது, முன்பே பெரிதாக்கிவிடுங்கள்.

பிறகு ஐந்து கேள்வி க்விஸ். வகுப்புக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு மூடட்டும். நள்ளிரவு என்று வைத்தால் எல்லாரும் கடைசி நிமிடத்தில் நுழைந்து சர்வர் திணறும், ஆசிரியருக்கும் முடிவைப் பார்க்க நேரமிருக்காது. நேரம் முடிந்தால் தானாகச் சமர்ப்பிக்கும் அமைப்பைப் போட்டுவையுங்கள். நெட் போனாலும் அதுவரை சேமித்த விடைகள் கணக்கில் வரும். அதிகம் பேர் தவறவிட்ட கேள்வியிலிருந்து மறுநாள் வகுப்பு தொடங்க வேண்டும். வீடியோவில் சொன்னதையே ஆசிரியர் திரும்ப நடத்தினால் அடுத்த வாரம் ஒருவரும் வீடியோவைத் திறக்க மாட்டார்கள். முயற்சி படுத்துவிடுவது அநேகமாக இங்கேதான். முதல் மூன்று வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் வையுங்கள். மழை விடுமுறையில் லைவ் வகுப்பு வைத்தால், தண்ணீர் தேங்கி கரண்ட் போன பகுதிப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அக்டோபருக்கு முன்பே இரண்டு யூனிட்டுக்கு வீடியோவும் க்விஸும் தயாராக இருக்கட்டும். அந்த க்விஸை மட்டும் ஒரு வாரம் திறந்தே வையுங்கள்.