கப்பலில் குற்றம் நடந்தால்: ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்

குழித்துறையில் எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு ஒரு நாள் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த சார் வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு கத்தை காகிதத்தை இடது கையால் எடுத்து மேஜையில் வைத்தார். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணியிருந்தது. மகள் டெக்சாஸில் நர்ஸ். பார்க்கப் போன அப்பாவையும் அம்மாவையும் ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்குச் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போயிருக்கிறாள். மூன்றாம் நாள் ராத்திரி நீச்சல் குளத்துப் பக்கம், நிறைய குடித்திருந்த ஒரு பயணி இவரைப் பிடித்துத் தள்ளியதில் எலும்பு முறிந்துவிட்டது.

"கம்பெனி மேல கேஸ் போடலாமா, மக்களே?"

நான் முதலில் கேட்டது தேதியைத்தான். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

டிக்கெட்டோடு வந்த நிபந்தனைகளில் தெளிவாகவே போட்டிருந்தது: ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ், ஓராண்டுக்குள் வழக்கு, அதுவும் மயாமி ஃபெடரல் கோர்ட்டில். காயம், மரணம் சம்பந்தமான வழக்குகளுக்கு இந்த அளவு வரை கெடுவைச் சுருக்கிக்கொள்ள அமெரிக்கச் சட்டம் கப்பல் கம்பெனிகளை விடுகிறது. கோர்ட் எது என்று டிக்கெட்டில் போட்டதும் செல்லும். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒன்று, ஃபுளோரிடாவில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1991ல் தோற்றது. அந்த நாட்டுக்காரர்களுக்கே அந்தக் கதி. டிக்கெட் நிபந்தனையை யாரும் படிப்பதில்லை, நானும்தான். ஆனால் அடிபட்ட அன்றைக்காவது படிக்க வேண்டும்.

சார் செய்த இன்னொரு தவறு, கப்பல் செக்யூரிட்டியைப் போலீஸ் என்று நம்பியது. அவர்கள் கம்பெனியின் சம்பளக்காரர்கள். மறுநாள் காலையில் ஒரு அதிகாரி சிரித்த முகத்தோடு வந்து, கப்பலுக்குள் செலவழிக்க 200 டாலர் வரவு வைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மேற்கொண்டு எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை என்பதுதான் அந்தத் தாள். வலது கையில் கட்டு, அதனால் இடது கையில் கிறுக்கியிருக்கிறார். அந்தப் பணத்தில் பேரப்பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கினாராம். நடந்ததைப் புகாராக எழுதிக் கையெழுத்துப் போடலாம், நகலும் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம், தள்ளுபடி, சமரசம் என்று வரும் தாளில் மட்டும் கப்பலில் இருக்கும்போது கை வைக்கக் கூடாது.

சரி, கெடுவுக்குள் வந்திருந்தால் கம்பெனி பொறுப்பாகியிருக்குமா? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கப்பலில் எது நடந்தாலும் கம்பெனி கொடுக்கும் என்பதும் தப்பு, அடித்தவன்தான் பொறுப்பு, கம்பெனி என்ன செய்யும் என்பதும் தப்பு. கை வைத்தது கப்பல் ஊழியராக இருந்தால், கம்பெனி கவனமாக இருந்ததா இல்லையா என்ற கேள்வியே வராது, அது பொறுப்பேற்க வேண்டும் என்று ஃபுளோரிடாவுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004ல் சொல்லிவிட்டது. கை வைத்தது சக பயணி என்றால், இப்படி நடக்கும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா, நியாயமான பாதுகாப்பு செய்ததா என்று நாம்தான் காட்ட வேண்டும். அதற்குச் சாட்சி கம்பெனியிடமே இருக்கிறது. கப்பலில் ஒவ்வொரு பெக்கும் பயணியின் அறை அட்டையில் ஏறும். அந்த ஆளுக்கு அன்றைக்கு எத்தனை ஊற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும். சிசிடிவியும் அப்படித்தான், ஆனால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். அதனால் இடம், நேரம் குறிப்பிட்டு, "இந்தப் பதிவை அழிக்காதீர்கள்" என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். சார் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பாலியல் குற்றம் என்றால் இன்னும் அவசரம். குளித்துவிட்டு, உடுப்பைத் துவைத்துவிட்டு, மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு வருவதுதான் நம் பக்கத்தில் வழக்கம். துணியை அப்படியே காகிதப் பையில் போட்டு வையுங்கள். அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் பெரிய கப்பல்களில் தடயம் எடுக்கும் பெட்டியும் பயிற்சி பெற்ற மருத்துவ ஊழியரும் இருக்க வேண்டும், அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குத் தகவல் போக வேண்டும் என்று 2010ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

கொச்சியிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் வேறு மாதிரி ஏமாறுகிறார்கள். "நம்ம கடல்தானே, நம்ம போலீஸ் வரும்" என்பார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் அந்தப் பேச்சு செல்லும். அதற்கு அப்பால் முதல் உரிமை கப்பல் எந்த நாட்டுக் கொடி கட்டியிருக்கிறதோ அந்த நாட்டுக்கு. இத்தாலிக் கப்பல் கேஸ் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. 2012 பிப்ரவரியில் கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில், அந்தக் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்களால் சுடப்பட்டு இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம் குமரி மாவட்டத்துப் பையன். கேரளாவுக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னது. அப்புறம் சர்வதேசத் தீர்ப்பாயம், 10 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2021ல்தான் முடிந்தது.

அதற்காகப் புகாரே கொடுக்காமல் இருக்க வேண்டாம். எல்லை தங்களுடையது இல்லை என்று சொல்லிப் போலீஸ் திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் பதியலாம். இந்தியக் கொடி கட்டிய கப்பலானாலும், குற்றம் செய்தவர் இந்தியரானாலும், நடுக்கடலில் நடந்ததற்கும் நம் சட்டம் செல்லும். இங்கேயே டிராவல்ஸில் பணம் கட்டி டிக்கெட் வாங்கியிருந்தால், சேவைக் குறைபாடு என்று நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருடம் கெடு.

சாருடைய கத்தையைத் திரும்பப் புரட்டினேன். டிக்கெட் வாங்கியது மகள், டெக்சாஸில், அவளுடைய கார்டில்.