மிக்ஸி பிரஷ் வேண்டாம்: பழைய ட்ரையாங் எஞ்சினுக்கு நாமே கார்பன் பிரஷ் ராவுவது

கப்பலில் வேலை பார்த்த பெரிய மாமா வாங்கி வந்த ட்ரையாங் ஜிண்டி எஞ்சின் (பிரிட்டிஷ் கம்பெனியின் பொம்மை ரயில் எஞ்சின்) குளச்சல் வீட்டு அலமாரியில் வெகுகாலம் கிடந்தது. தண்டவாளத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. எஞ்சினின் எக்ஸ்04 மோட்டாரில், சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகளான பிரஷ் இரண்டும் தேய்ந்து காணாமல் போயிருந்தன. பிரிட்டனில் இதற்கு உதிரி இன்றும் கிடைக்கிறது. தபால் செலவு கட்டத்தான் மனசு வரவில்லை.

முதலில் பாடியைக் கழற்றுங்கள். காந்தத்தைப் பிடித்திருக்கும் திருகை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்து, எந்தக் கார்பன்? வடசேரியில் மிக்ஸி பிரஷ் வாங்கி ராவிப் போட்டேன். ஓடியது, ஆனால் மாட்டுவண்டி வேகம். அது 230 வோல்ட்டுக்கான கார்பன், மின்தடை அதிகம். நம் மோட்டாருக்கு வருவதோ 12 வோல்ட். பைக் செல்ஃப் மோட்டார் பிரஷ்ஷில் செம்பு கலந்திருக்கும், அதுதான் சரி. ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "தேஞ்ச பிரஷ்ஷா? எதுக்கு சாரே?" என்று சிரித்துக்கொண்டே சும்மா கொடுத்தார்.

ஆக்ஸா பிளேடால் குச்சியாக அறுத்து, தாள் சுற்றி டிரில்லில் லேசாக மாட்டிச் சுழலவிட்டு, 400 எமரித் தாளில் உருட்டுங்கள். தடிமன் அளக்க வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இறங்காதீர்கள். பிரஷ், மோட்டாரில் அதற்கான துளைக்குள் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறுகினால் இன்னும் தேயுங்கள். பின்பக்கம் ஸ்பிரிங் உட்கார ஒரு வெட்டு. சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள், கரித்தூள் போகாது. (எனக்குத் திட்டு விழுந்தது.)

பிரஷ் உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டரின் மூன்று இடுக்குகளையும் தென்னை ஈர்க்கால் சுரண்டுங்கள். பல்குத்தும் குச்சி தடிமன், உள்ளே போகாது.

இனி என்னை இரண்டு மாலை அலையவிட்ட இடம். எல்லாம் மாட்டி கரண்ட் கொடுத்தால், கன்ட்ரோலர் 'டிக்' என்று கட்டாகிறது. பிரஷ்ஷைக் கழற்றினேன், மாட்டினேன், கம்யூட்டேட்டரை மறுபடி துடைத்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை. ஒரே ஸ்பிரிங்தான் இரண்டு கைகளாலும் இரண்டு பிரஷ்ஷையும் அழுத்துகிறது. ஒரு பிரஷ் சேசிஸோடு (எஞ்சினின் உலோக அடிச்சட்டம்) சேர்ந்தது, மற்றது சேரக்கூடாது. அந்த மற்றதை அழுத்தும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். என்னுடையது பொடிந்து உதிர்ந்திருந்தது. அழுக்கு என்று நானே ஊதித் தள்ளியிருக்கிறேன்! மெல்லிய ஒயரின் மேல்தோலை உரித்து அந்தக் கையில் செருகினேன், ஓடிவிட்டது. சைக்கிள் வால்வு டியூப்பும் போட்டுப் பார்த்தேன், தடிமன், ஸ்பிரிங் அழுத்தம் கெட்டுப்போகிறது.

முதல் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள், பிரஷ் முனை தானே வளைவுக்குப் பழகும்.

பின்சேர்க்கை: காந்தத்தைக் கழற்றிவிட்டேன், இப்போது எஞ்சின் சூடாகிறது, இழுவையும் இல்லை என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பழைய காந்தத்தை இரும்புத் துண்டால் பாலம் போடாமல் வெளியே எடுத்தால் வலு இறங்கிவிடும். திரும்பக் காந்தமேற்ற வேண்டும், இல்லையென்றால் அதே இடத்தில் சின்ன நியோடிமியம் காந்தங்களை இரும்புத் தகட்டோடு அடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கைவிரல் பத்திரம், சட்டென்று கவ்வும்.