ட்விஸ்ட் ரேட்: எடையைப் பார்த்து ஸ்லக் வாங்காதீர்கள்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி ஏர் ரைஃபிளோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஸ்கோப்பு சரியில்லண்ணே. பத்து மீட்டர்ல ஒரே ஓட்டையில போவுது, அம்பதுல எங்க போவுதுன்னே தெரியல." டப்பாவைக் காட்டச் சொன்னேன். 20 கிரெயின் (சுமார் 1.3 கிராம்) ஸ்லக், அதாவது இடுப்பு ஒடுங்காத நீளமான குண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கியதும் அதே கனம்தான், அதே நீளம்தான். அதனால்தான் ட்விஸ்ட் ரேட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் திருகு தளர்ந்திருப்பது, ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடையைப் பார்ப்பது, நீளத்தை மறப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். விற்றவர் "கனம் கூடினா காத்துக்கு அசையாது" என்றார், நானும் நம்பி ஐந்து டப்பா வாங்கினேன். எங்கள் வீடு பழைய செட்டிநாட்டு வீடு, முகப்பில் நின்றால் நிலைவாசல்கள் வரிசையாகத் திறந்து பின்கட்டு வரைக்கும் தெரியும். வளவில் 10 மீட்டர் வைத்துச் சுட்டபோது எல்லாம் நன்றாகவே இருந்தது. தோப்பில் செம்மண் மேட்டுக்கு முன்னால் 50 மீட்டரில் அட்டை வைத்தேன், பத்தில் நான்குதான் அட்டையிலேயே பட்டன. ஸ்கோப்பை மாற்றினேன், மவுண்டை மாற்றினேன், ஸ்பிரிங்கையும் மாற்றினேன். பதினோராயிரம் ரூபாய் போன பிறகுதான் அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீண்டிருந்தன. ஸ்லக் மூக்கை முன்னால் வைத்துப் போகவில்லை, பக்கவாட்டில் சாய்ந்துபோய் இடித்திருக்கிறது.

காரணம் இதுதான். பேரலுக்குள் மரை மாதிரி சுற்றி ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழற்றுகின்றன, பம்பரம் சுழலும் வரைதான் நிற்பது போல அந்தச் சுழற்சிதான் குண்டை நேராக வைத்திருக்கிறது. பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை இன்ச் ஆகிறது என்பதுதான் ட்விஸ்ட் ரேட். குண்டு நீள நீள அதை நிறுத்த அதிகச் சுழற்சி வேண்டும். எடை என்பது பெரும்பாலும் நீளத்தின் நிழல்தான். ஈயத்துக்குப் பதில் தகரத்தில் வார்த்த ஸ்லக் அதே எடைக்கு இன்னும் நீளமாக இருக்கும், ஏனென்றால் ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், தகரம் 7.3 கிராம்தான். அமெரிக்க ராணுவத்தின் எம்16ஏ2 ரைஃபிளில் 7 இன்ச்சுக்கு ஒரு சுற்று வைத்ததற்குக் காரணம் 62 கிரெயின் தோட்டா அல்ல. அதோடு சேர்ந்து வந்த ட்ரேசர் (போகும் பாதை தெரிய எரிந்துகொண்டே போகும் தோட்டா) கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் நீளம் அதிகம். அதற்காகத்தான் அந்த ட்விஸ்ட்.

1879இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் இருந்த கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் பீரங்கிக் குண்டுக்காக ஒரு கணக்குப் போட்டார், ஏர் ரைஃபிளுக்கும் அது தோராயமாக உதவும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் இன்ச்சில். எத்தனை இன்ச்சுக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது வரும். .177 இன்ச் விட்டமுள்ள பேரலுக்கு, வகுப்பதற்கு முன்னால் வருவது 4.7. என் ஸ்லக்கை வெர்னியரில் அளந்தேன், 9.1 மில்லிமீட்டர், அதாவது 0.36 இன்ச். வகுத்தால் 13, அதாவது 13 இன்ச்சுக்குள் ஒரு சுற்று வேண்டும். என் பேரலிலோ 17.7 இன்ச்சுக்குத்தான் ஒரு சுற்று. இந்த ஒரு வகுத்தலை முதலிலேயே போட்டிருந்தால் அந்தப் பணம் அப்படியே மிஞ்சியிருக்கும்.

சரி, சாதாரண பெல்லட்டில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? அதற்கு இடுப்பு ஒடுங்கி, பின்னால் பாவாடை விரிந்திருக்கிறது. காற்று அந்தப் பாவாடையைப் பின்னுக்கு இழுத்து மூக்கைத் தானாகவே முன்னால் வைத்துவிடும். ஸ்லக்குக்கு அந்த வசதி கிடையாது.

பெட்டியில் போட்டிருக்கும் ட்விஸ்ட் எண்ணை நம்புவது

அளந்து பாருங்கள். பழைய வேட்டித் துணியை இறுக்கமாகச் சுற்றி க்ளீனிங் ராடைப் பேரலுக்குள் விடுங்கள். ராடின் கைப்பிடி தடையில்லாமல் சுழல வேண்டும், இல்லாவிட்டால் துணி வழுக்கிப் பொய்க் கணக்கு வரும். ராடில் ஒரு டேப் துண்டைக் கொடி மாதிரி மேல்நோக்கி ஒட்டி, பேரல் வாயருகே மார்க்கரால் கோடு போட்டு, மெதுவாக இழுங்கள். கொடி நேர் கீழே வந்ததும் மறுபடி ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பது அரைச் சுற்று, அதை இரட்டியுங்கள். ஏர் ரைஃபிள் பேரலில் பெரும்பாலும் முழுச் சுற்றுக்கு நீளம் போதாது. தம்பியின் பேரலில் அரைச் சுற்றுக்கு 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வந்தது, மூன்று தடவை இழுத்தும் அதேதான். இரட்டித்தால் கிட்டத்தட்ட என் பேரலின் கணக்குதான். அப்புறம் 8.4 கிரெயின் பெல்லட் போட்டுப் பார்த்தார், 50 மீட்டரில் பத்தும் ஒரு சின்ன இட்லிக்குள் அடங்கின. ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை.

பெரிய ட்விஸ்ட் எண் என்றால் வேகமான சுழற்சி என்று நினைப்பது

தலைகீழ். 9 இன்ச்சுக்கு ஒரு சுற்று வேகமானது, 16 மந்தமானது.

பின்னால் மண் மேடு இல்லாமல் சோதிப்பது

கூடவே கூடாது. ஆடிக்கொண்டு போகும் குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெயிலில் மட்டும் சோதிப்பது

குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, குண்டை அதிகமாகப் புரட்டப் பார்க்கும். எம்16 முதலில் 14 இன்ச் ட்விஸ்டோடுதான் வந்தது. கடுங்குளிரில் 55 கிரெயின் தோட்டா நிலைக்காமல் போனதால் 1960களில் 12 இன்ச்சுக்கு மாற்றினார்கள். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லைதான், ஆனால் சித்திரை உச்சி வெயிலில் நூலிழையில் தேறும் ஸ்லக் மார்கழி விடியலில் ஆட ஆரம்பிக்கலாம். அதனால் புதிதாக எது வந்தாலும் நான் மார்கழி வரை வைத்திருந்து, விடியற்காலையில் ஒரு தரம் தோப்பில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த டப்பா வாங்குகிறேன்.