போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை அனலிடிக்ஸ் தளத்தோடு இணைப்பது எப்படி?

ஆப் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸிலேயே பெரிய ரிப்போர்ட் குவெரிகளை ஓட்டினால் ரிப்போர்ட்டும் தாமதமாகும், ஆப்பும் திணறும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பதிவையும் முழுசாகச் சேர்த்து வைக்கிறது. பிக்குவரி, ஸ்னோஃபிளேக் போன்ற அனலிடிக்ஸ் தளங்களோ நெடுவரிசை வாரியாகச் சேமிக்கின்றன. அதனால் கோடிக்கணக்கான பதிவுகளில் தொகையை மட்டும் கூட்டும்போது மற்ற நெடுவரிசைகளை அவை தொடுவதே இல்லை. எனவே டேட்டாவை அங்கே கொண்டுபோவோம். முதல் முயற்சியை ஒரு டெஸ்ட் டேட்டாபேஸில் செய்து பாருங்கள்.

1. தனி யூசர்

டேட்டாவைத் தளத்துக்குக் கொண்டுபோகும் இணைப்புக் கருவியிடம் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். புதிய யூசர் ஒன்றை உருவாக்கி, டேட்டாபேஸில் நுழையும் உரிமை, ஸ்கீமாவை (டேபிள்களின் தொகுப்பை) பயன்படுத்தும் உரிமை, டேபிள்களைப் படிக்கும் செலக்ட் உரிமை, இந்த மூன்றை மட்டும் கொடுங்கள். இனி உருவாகப்போகும் டேபிள்களுக்கு இது தானாக வராது. அதற்கு டிஃபால்ட் பிரிவிலேஜ் அமைக்க வேண்டும். அதுவும் எந்த ரோலுக்காக (போஸ்ட்கிரெஸில் யூசரும் ஒரு ரோல்தான்) அமைக்கிறீர்களோ, அந்த ரோல் உருவாக்கும் டேபிள்களுக்குத்தான் பொருந்தும். மைக்ரேஷன்களை (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்களை) வேறு ரோல் ஓட்டுகிறது என்றால் அந்த ரோலின் பெயரில் அமையுங்கள்.

2. வழி திறப்பது

போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட் 5432. சொந்த சர்வரில் புதிதாக நிறுவிய போஸ்ட்கிரெஸ், லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே கேட்கும். அந்த அமைப்பை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவை. யார் எங்கிருந்து வரலாம் என்று சொல்லும் பிஜி-ஹெச்பிஏ கோப்பை மாற்றினால் ரீலோட் போதும்.

ஃபயர்வாலில் உங்கள் தளம் கொடுக்கும் ஐபி முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். "கனெக்ட் ஆகவில்லையே" என்று அவசரத்தில் 0.0.0.0/0 (அதாவது எந்த ஐபியும் வரலாம்) போட்டுவிட்டு அப்படியே மறந்துபோவது ரொம்ப சகஜம். போர்ட்டை வெளியே திறக்கவே விருப்பமில்லை என்றால் எஸ்எஸ்ஹெச் டனல் (எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள் மறைகுறியாகப் போகும் பாதை) இருக்கிறது. எஸ்எஸ்எல் அமைப்பில் 'ரிக்வயர்' என்று போட்டால் டேட்டா மறைகுறியாகப் போகும். ஆனால் எதிரில் இருப்பது உண்மையிலேயே நம் சர்வர்தானா என்று முழுமையாகச் சரிபார்ப்பது 'வெரிஃபை-ஃபுல்' மட்டும்தான்.

3. மாற்றங்களை எப்படிக் கொண்டுபோவது?

கனெக்‌ஷன் டெஸ்ட் பச்சை காட்டியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் முக்கியமான முடிவே இங்கேதான் இருக்கிறது.

சின்ன டேபிளா? ஒவ்வொரு முறையும் முழுவதையும் நகலெடுத்துவிடுங்கள். இதைவிட நம்பகமான முறை இல்லை.

பெரிய டேபிள் என்றால் கடைசியாக மாறிய நேரத்தைக் குறிக்கும் நெடுவரிசையை வைத்து, போன முறைக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கலாம். பார்க்க எளிது, ஆனால் ஓட்டைகள் உண்டு. டெலீட் ஆன பதிவு இதில் தெரியவே தெரியாது. அந்த நேரத்தை ஆப் மட்டுமே எழுதுகிறது என்றால், யாராவது நேரடியாக எஸ்க்யூஎல்லில் திருத்தியது விடுபடும். பதிவு மாறும்போதெல்லாம் டேட்டாபேஸே நேரத்தை எழுதும்படி ட்ரிகர் வைத்தால் இது தீரும். இன்னொன்று கண்ணில் படாதது. போஸ்ட்கிரெஸில் நவ் ஃபங்ஷன் தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தை. 10:00 மணிக்குத் தொடங்கிய டிரான்சாக்‌ஷன் 10:05க்கு கமிட் ஆகிறது (அதாவது மாற்றம் உறுதியாகிறது), நடுவில் 10:03க்கு சிங்க் (டேட்டாவைத் தளத்துக்கு நகலெடுக்கும் ஓட்டம்) ஓடி, அதுவரை வந்த புதிய நேரத்தைக் குறித்துக்கொண்டது என்றால், 10:00 முத்திரையோடு தாமதமாக வரும் அந்தப் பதிவு அடுத்த முறையும் சிக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னால் போய், ஏற்கெனவே எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்ப எடுப்பது நல்லது. பிரைமரி கீயை (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசையை) வைத்து மெர்ஜ் செய்தால் இரட்டிப்பு வராது.

மூன்றாவது வழி சிடிசி, அதாவது மாற்றங்களை நடக்க நடக்கப் பிடிப்பது. ஒவ்வொரு மாற்றத்தையும் டேட்டாபேஸ் குறித்துவைக்கும் டபிள்யூஏஎல் லாக்கைப் படிப்பதால் டெலீட் உட்பட பதிவுகளில் நடந்த எல்லா மாற்றமும் வரும். இதற்கு டபிள்யூஏஎல் லெவலை 'லாஜிக்கல்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். யூசருக்கு ரெப்ளிகேஷன் உரிமை கொடுங்கள். தேவையான டேபிள்களுக்குப் பப்ளிகேஷனும் (எந்த டேபிள்களின் மாற்றங்கள் போக வேண்டும் என்ற பட்டியல்), கருவிக்கு ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (கருவி லாக்கில் எதுவரை படித்தது என்ற குறிப்பு) உருவாக்குங்கள். பிரைமரி கீ இல்லாத டேபிளைப் பப்ளிகேஷனில் சேர்க்கும் முன் அதன் ரெப்ளிகா ஐடென்டிட்டியை (மாறிய பதிவு எது என்று அடையாளம் காட்டும் அமைப்பை) அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த டேபிளில் அப்டேட்டும் டெலீட்டும் ஆப்பிலேயே எரர் அடிக்கும்.

ஸ்லாட்டைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டும். கருவி நின்றுபோனாலும், அது படிக்காத லாக்கை போஸ்ட்கிரெஸ் அழிக்காமல் வைத்திருக்கும். டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நிற்கும்வரை. ஒரு ஸ்லாட்டுக்காக எவ்வளவு லாக் வைக்கலாம் என்று வரம்பு போடும் வசதி போஸ்ட்கிரெஸ் 13இல் வந்தது. டிஃபால்ட்டாக வரம்பு கிடையாது, நாமே போட வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் பயனற்றுப்போகும், முழு சிங்க்கைத் திரும்ப ஓட்ட வேண்டிவரும். ஆப் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். கருவியை வேண்டாம் என்று நீக்கும்போது ஸ்லாட்டையும் சேர்த்து நீக்கிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் முதல் இரண்டு முறைகளே போதும். டெலீட்டுகள் கணக்கில் வந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் சிடிசிக்குப் போங்கள்.

4. டேட்டா வகைகள்

டைம்ஸோன் இல்லாத டைம்ஸ்டாம்ப் எந்த ஊர் நேரம் என்று தளத்துக்குத் தெரியாது. பெரும்பாலும் யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும். பணத்தொகைகள் ஃப்ளோட்டாக (தோராயமான தசம எண்ணாக) மாறாமல் பாருங்கள். பிக்குவரியின் நியூமரிக் வகை 38 இலக்கம், அதில் 9 தசம இடம் வரை தாங்கும்.

5. ஓட்டிப் பார்ப்பது

முதலில் ஒரே ஒரு டேபிள். சிங்க் முடிந்ததும் இரு பக்கமும் பதிவுகளின் எண்ணிக்கை, ஒரு தொகை நெடுவரிசையின் கூட்டல், கடைசியாக மாறிய நேரம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். சோதனை டேபிளில் ஒரு பதிவைத் திருத்தி, இன்னொன்றை டெலீட் செய்து, மறுபடி ஓட்டுங்கள். சில கருவிகள் டெலீட் ஆன பதிவை அழிக்காமல், 'நீக்கப்பட்டது' என்று ஒரு நெடுவரிசையில் குறித்து வைக்கும். தளத்தில் எண்ணிக்கை கூடுதலாக வந்தால், எரர் என்று முடிவுகட்டும் முன் அந்த நெடுவரிசையை ஃபில்டர் செய்து எண்ணிப் பாருங்கள். சரியாக வந்தால் அடுத்த டேபிளைச் சேர்க்கலாம்.